சார்ட் மேடம் இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம்

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணக்கை எப்படிக் கற்பிப்பது என்று சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு, வந்த சில மாதங்களிலேயே மாணவிகள் பெயர் வைத்துவிட்டார்கள். சார்ட் மேடம். எந்தப் பாடமானாலும் வண்ணத் தாளில் படம் வரைந்து, ஓரம் கட்டி, மேலும் கீழும் பட்டை ஒட்டிச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். சார்ட் இல்லாமல் வந்தவள் வராந்தாவில்தான் நிற்க வேண்டும். காலையில் எங்கள் கல்லூரி வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால், கூட்டத்துக்கு மேலே சுருட்டிய தாள்களாக நீட்டிக்கொண்டிருக்கும். "யம்மா, அந்தப் பீரங்கியக் கொஞ்சம் இறக்கும்மா, கண்ணக் குத்துது" என்று நடத்துநர் கத்துவார். மழை நாட்களில் பிள்ளைகள் தாங்கள் நனைந்துகொண்டு சார்ட்டுக்குக் குடை பிடித்து வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அந்தக் கல்லூரியின் நூலகர். பெரிய நூலகம் என்று நினைத்துவிட வேண்டாம். பயிற்சி மாணவிகள் பாடம் நடத்திப் பழகுவதற்காக எங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு மாதிரிப் பள்ளி இருந்தது. அறைகள் போதாமல் போனபோது, நீளமான ஓர் அறையைப் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்து, ஒரு பாதியில் என்னையும் புத்தகங்களையும், மறு பாதியில் மாதிரிப் பள்ளியின் இரண்டாம் வகுப்பையும் குடிவைத்தார்கள். தடுப்பு கூரையைத் தொடவில்லை. யார் யாரைக் கிள்ளினார்கள், யாருக்கு இன்று பல் விழுந்தது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. 'அமைதி காக்கவும்' என்று நான் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துச் சிரிக்காமல் யாரும் உள்ளே வந்ததில்லை. அலமாரிகளில் நல்ல புத்தகங்கள் இருந்தன. ஆனால் பிள்ளைகள் கேட்டு வாங்குவது தேர்வு வழிகாட்டி ஒன்றைத்தான். மற்றவை, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

சார்ட் மேடம் கெட்டிக்காரர். கணிதத்தில் முதுகலை படித்து, அதன் மேல் கல்வியியலிலும் முதுகலை படித்து, போட்டித் தேர்வில் முன்னணியில் வந்து, நேராகப் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் ஆனவர். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் விரிவுரையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பெரிய பட்டங்கள் இருக்காது. பட்டம் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் மட்டுமே பார்த்திருப்பார்கள். மேடத்துக்கு வீட்டிலும் இல்லை.

அவர் வகுப்பு எடுப்பதை ஜன்னல் வழியாக ஒருமுறை கேட்டேன். குழந்தை மையக் கல்வி பற்றிய பாடம். "குழந்தை தானாகவே கண்டறிந்து கற்க வேண்டும், முற்றுப்புள்ளி. ஆசிரியர் எதையும் திணிக்கக் கூடாது, முற்றுப்புள்ளி" என்று அவர் சொல்லச் சொல்ல, குனிந்த தலை நிமிராமல் வகுப்பே எழுதிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது சிரிக்கத் தோன்றவில்லை, அதுதான் முறை என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் கல்லூரி திறந்த கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஆசிரியர் பயிற்சியைச் சீர்திருத்தப் போகிறார்களாம். அதன் முதல் படியாக, விரிவுரையாளர்கள் ஒவ்வொருவரும் மாதிரிப் பள்ளியில் ஒரு வகுப்பைப் பொறுப்பேற்று, வருஷம் முழுக்க வாரா வாரம் பாடம் நடத்த வேண்டும்.

பணியாளர் அறையில் அன்றைக்கு யாருக்கும் தேநீர் இறங்கவில்லை. உளவியல் சாருக்கு உடனே முதுகு வலி வந்தது. அறிவியல் மேடம், "எனக்குத் தூசி ஒத்துக்காதுன்னு உங்களுக்கே தெரியும்" என்று முதல்வரிடம் போனார். முதல்வர் நல்ல மனிதர், எந்தப் பிரச்சினையையும் வலிக்காமல் தீர்க்கத் தெரிந்தவர். "ஒண்ணும் பயப்படாதீங்க. முதல் வாரம் எல்லாரும் போங்க. நல்லதா நாலு போட்டோ எடுத்து அனுப்பிடுவோம். அப்புறம் அவங்களும் மறந்துடுவாங்க, நாமளும் மறந்துடலாம்" என்றார்.

சார்ட் மேடத்துக்கு மட்டும் போட்டோ பற்றிய பேச்சு பிடிக்கவில்லை. "இதுல என்ன கஷ்டம் இருக்கு? நாம சொல்லிக்குடுக்கிறதத்தான நாம செய்யப் போறோம்?" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் அவர் கொண்டுவந்த சார்ட்டைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. இரண்டு வீடுகள், ஒன்றில் பத்துகள் குடியிருக்கின்றன, மற்றதில் ஒன்றுகள். நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே பக்கத்து வீட்டில் போய்க் கடன் வாங்க வேண்டும். நூற்றாண்டு காலமாக எல்லோரும் சொல்லித்தருவதுதான்.

அந்த வகுப்பின் ஆசிரியை, மேடத்திடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, அலுவலகத்தில் புள்ளிவிவரம் கேட்கிறார்கள் என்று வேகமாகப் போய்விட்டார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலில் மேடத்தின் குரல் தெளிவாகக் கேட்டது. பிறகு, "டீச்சர், இவன் என் ரப்பர எடுத்துக்கிட்டான்" என்று ஒரு குரல். "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று இன்னொன்று. அதைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. பிறகு எல்லாக் குரலும் சேர்ந்தே கேட்டன. மேடத்தின் குரல் மேலே மேலே ஏறிப் பார்த்தது. சார்ட் ஆணியிலிருந்து கழன்று விழுந்தது, அதற்கு ஒரு பெரிய கைத்தட்டல்.

ஒருவழியாகச் சத்தம் அடங்கியதும் மேடம் ஒரு பெண்ணைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். முன்பற்கள் விழுந்த பெண் அது, காற்றும் சொல்லுமாகத்தான் பேசும். முப்பத்தைந்து என்று எழுதியது.

"எப்படிம்மா முப்பத்தஞ்சு வந்துச்சு?"

"ஏழுலேர்ந்து ரெண்ட எடுத்தா அஞ்சு. நாலுலேர்ந்து ஒண்ண எடுத்தா மூணு."

"அப்படி இல்ல கண்ணு. ரெண்டுலேர்ந்துதான் ஏழ எடுக்கணும். ரெண்டு சின்னது, அதனால பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்."

"கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர்?"

மேடம் கீழே கிடந்த சார்ட்டை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார்.

"ரெண்டு எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கும்?"

வேறொரு பையன் குரல் வந்தது. "குடுக்காது. அதான் அந்த வீட்டுல ஒண்ணு கொறஞ்சிருக்கு. அழிச்சுட்டாங்க பாரு."

மணி அடித்தது. மேடம் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நூலகத்துக்குள் வந்து, என் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் சாக்பீஸ். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"சார், ஒரு குழந்தைக்குக்கூடப் புரியல."

"முதல் நாள்தானே மேடம்."

"அது இல்ல சார். அந்தப் பொண்ணு கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. பத்து வருஷமா இதத்தான் சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன். கடன், கடன்னு. எத்தன பேர் இத எங்கிட்டக் கேட்டு எழுதிட்டுப் போயிருப்பாங்க, எத்தன ஊர்ல இதச் சொல்லிட்டு இருப்பாங்க…"

அப்போது வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா மேடம்? அடுத்த வாரமும் கண்டிப்பா வாங்க. எனக்குப் பெரிய ஒத்தாசையா இருக்கு" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே சொன்னார்.

மேடத்தின் கணவர் கல்லூரிக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருந்தார். தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது அவரும் அதையே பேசினார். "ராத்திரி சோத்துல கை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா சார். பிள்ளைங்களுக்கு ஒருநாள்கூடப் பாடம் எடுக்காம வாத்தியாருங்களுக்குப் பாடம் எடுத்துட்டேனேங்கிறா. நான் சொன்னேன், நான் விக்கிற மாத்திரையெல்லாம் நான் முழுங்கிப் பாத்தா விக்கிறேன்?"

"என்ன சொன்னாங்க?"

"முறைச்சா சார். அதோட நான் வாயத் திறக்கல."

போட்டோ எடுத்து அனுப்பியாயிற்று. மற்றவர்கள் இரண்டாவது வாரத்தோடு நின்றுகொண்டார்கள். சார்ட் மேடம் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் என்பது பிறகு இரண்டு நாள், மூன்று நாள் என்று ஆனது. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த பருவம் பாதி போகும்வரை பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சந்தைக்கடைதான். ஒருநாள் மிரட்டிப் பார்த்தார், ஒருநாள் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். மிட்டாய் கொடுத்த அன்று எனக்கே தலை வெடித்துவிட்டது.

பிறகு ஐஸ் குச்சிகளைக் கொண்டுவந்தார். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டச் சொன்னார். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் நாற்பத்திரண்டு. அதிலிருந்து பதினேழை எடுத்துத் தா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசாமல் உட்கார்ந்ததுதான் எனக்கு ஆச்சரியம். கொஞ்ச நேரம் குச்சிகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தப் பொக்கைவாய்க் குரல்: "டீச்சர், கட்டப் பிரிச்சுக்கலாமா?"

"பிரிச்சா என்ன ஆகும்?"

"உதிரி நிறைய ஆயிடும். எடுத்துக்கலாம்."

"அப்ப கடன் வாங்கணுமா?"

"எதுக்கு டீச்சர்? நம்ம குச்சிதான?"

மணி அடித்ததும் மேடம் நேராக என்னிடம் வந்தார். "கேட்டீங்களா சார்? நம்ம குச்சிதானங்குது!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கல்யாண வயதுப் பெண் மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதன் பின் அவருடைய கல்லூரி வகுப்புகள் மாறிவிட்டன. முற்றுப்புள்ளி சொல்வதை விட்டார். சார்ட்டும் வேண்டாம், வழிகாட்டியில் வரும் பாடப் படிநிலைகளும் வேண்டாம் என்றார். பயிற்சி மாணவிகளை ஐந்தைந்து பேராக இரண்டாம் வகுப்புக்குள் கூட்டிப்போய்த் தரையில் உட்காரவைத்து, "நீங்க ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேணாம். ஒரு பிள்ளை தப்பாப் போட்டா, ஏன் அப்படிப் போட்டுச்சுன்னு கேளுங்க. அது சொல்றத அப்படியே எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்றார்.

பெரும்பாலான மாணவிகளுக்கு இது பிடிபடவில்லை. சார்ட் வரைகிற வேலை போனதில் சந்தோஷம்தான். ஆனால் கேள்வி ஒன்றை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

"வாழ்க்கைக்கு வரும்" என்று ஒருநாள் மேடம் சொன்னார். அதை மாணவிகள் ரசிக்கவில்லை. வீட்டில் வரன் பார்த்துவைத்துவிட்டு, படிப்பு முடியட்டும் என்று காத்திருக்கும் பெண்கள் அவர்களில் பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒருத்திக்கு மட்டும் பிடிபட்டது. கூடப் படிப்பவர்கள் அவளை 'சைலன்ட்' என்று கூப்பிடுவார்கள். லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று காலைப் பார்ப்பாள். இவளெல்லாம் எப்படி வாத்தியார் ஆகப் போகிறாள் என்று பணியாளர் அறையில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெண் இரண்டாம் வகுப்புத் தரையில் போய் உட்கார்ந்தால், பிள்ளைகள் எறும்பு மாதிரி மொய்ப்பார்கள். அவள் எதுவும் செய்ததாகத் தெரியாது. ஒரு பிள்ளை பேசி முடிக்கும்வரை காத்திருப்பாள், அவ்வளவுதான். "ம்… அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்கும். ஒரு பையனுக்கு எண்களை இடது வலதாக மாற்றி எழுதும் பழக்கம் இருந்தது. வகுப்பு ஆசிரியை அடித்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார். அவன் உதிரியை முதலில் எண்ணி அதையே முதலில் எழுதுகிறான், சொல்வதைச் சரியாகத்தான் சொல்கிறான், எழுதும்போதுதான் திசை மாறுகிறது என்று சைலன்ட் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"இவளுக்கு நான் எதுவுமே சொல்லிக்குடுக்கல சார்" என்றார் மேடம் என்னிடம். "வாயக் கட்டிக்கிட்டு உக்காந்தா போதும்னு இவளப் பாத்து நான் கத்துக்கிட்டேன்."

ஆண்டுத் தேர்வு வந்தது. எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே வினாத்தாள். விடைத்தாள்கள் கலந்து வேறு வேறு ஊர் மையங்களுக்குப் போகும். கணக்குக் கற்பித்தல் தாளில் பெரிய கேள்வி, கழித்தலைக் கற்பிக்கும் படிநிலைகளை விவரிக்கவும் என்பது. தேர்வறையிலிருந்து வெளியே வந்த மாணவிகள் முகத்தில் நிம்மதி. வழிகாட்டியில் இருக்கும் அதே கேள்வி. சைலன்ட்டும் சந்தோஷமாகத்தான் வந்தாள். மேடத்திடம் வந்து, "கட்டுப் பிரிக்கிறத எழுதுனேன் மேடம். பிள்ளைங்க சொன்னதெல்லாம் எழுதுனேன். பக்கம் பத்தல" என்றாள்.

மேடத்தின் முகம் சுண்டிப்போனது. "ஊக்கப்படுத்துதல், அறிமுகம், பாடப்பொருள் வழங்கல்… அதெல்லாம் எழுதுனியா?"

"நீங்கதான் அது வேணாம்னீங்க மேடம்?"

விடைத்தாள் திருத்த மேடத்தை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னார். பெரிய கூடம், வரிசையாகப் பெஞ்சுகள், ஆளுக்கொரு கட்டு. முதல்நாளே விடைக்குறிப்பை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து படிநிலைகள், ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண். அதில் ஒரு தாள் வந்ததாம். எந்த ஊர்ப் பிள்ளையோ, படிநிலை எதையும் எழுதாமல், தன் தம்பிக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தபோது அவன் எங்கே தடுமாறினான் என்று எழுதியிருந்தது. மேடம் மனமார மதிப்பெண் போட்டுவிட்டார். முதன்மைத் தேர்வாளர் வந்து பார்த்தார்.

"என்ன மேடம் இது? குறிப்புல இல்லாததுக்கு எப்படி மார்க் போட்டீங்க?"

"சார், நல்ல பதில் சார். படிச்சுப் பாருங்க."

"படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. எனக்கே பிடிச்சிருக்கு. ஆனா நாளைக்கு இன்னொருத்தர் சொந்தக் கதை எழுதுவாங்க, அதுக்கும் போடுவீங்களா? எது நல்ல கதை, எது கெட்ட கதைன்னு இங்க இருக்கிற இத்தன பேரும் ஆளாளுக்கு முடிவு பண்ண முடியுமா?"

முதன்மைத் தேர்வாளர் அந்த மதிப்பெண்ணைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போனார். "அடிச்சது தப்புன்னும் எனக்குச் சொல்லத் தெரியல சார். எங்கேயோ ஒரு ஊர்ல இதே மாதிரி ஒரு கூடத்துல யாரோ நம்ம பொண்ணு தாளையும் அடிச்சுட்டு இருப்பாங்கன்னு மட்டும் தோணுச்சு. அதுக்கப்புறம் அடுத்த தாள எடுத்தேன். வேற என்ன பண்றது? திருத்தி முடிச்சாத்தான் வீட்டுக்கு விடுவாங்க."

முடிவு வந்தபோது, நோட்ஸ் இல்லாமல் வழிகாட்டியை அரைகுறையாகப் படித்து எழுதியதில், அவர் பாடத்தில் தோற்றவர்கள் வழக்கத்தைவிட அதிகம். சைலன்ட்டும் தோற்றிருந்தாள். முதல்வர் மேடத்தைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கத்தினார் என்று யாரும் சொல்ல முடியாது. "உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை மேடம். நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ஆனா இந்தப் பிள்ளைங்க ஃபெயிலானா இவங்க வீட்டுல அடுத்த வருஷம் படிக்க விடுவாங்களா? நீங்க யோசிச்சுப் பாத்திருக்கணும்" என்றாராம். மேடம் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

சைலன்ட்டின் அப்பா ஒருநாள் வந்தார். லாரியைக் கல்லூரிக்கு வெளியே நிறுத்திவிட்டு, அழுக்குச் சட்டையோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு, கடைசியில் நூலகப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். மேடம் எதிரே நின்றார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"எம் பொண்ணு ஒழுங்காப் படிக்கலையாம்மா?"

"நல்லாப் படிச்சா அய்யா. அவள மாதிரி ஒருத்தி…"

"அப்படித்தான் நானும் நெனச்சேன். பொறந்ததுலேர்ந்து அவ வாயத் திறந்து ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசி நான் பாத்ததில்ல. இந்த வருஷம் வீட்டுக்கு வந்தா வாய் மூடல. அந்தப் பிள்ளை இதச் சொல்லுச்சு, இந்தப் பையன் அதக் கேட்டான்னு. நான் லோடு போயிட்டு வந்து அசதியாப் படுத்திருந்தாலும் விட மாட்டா. சரி, படிப்பு ஏறிருச்சுன்னு சந்தோசப்பட்டேன்." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப மறுபடி பேச மாட்டேங்கிறாம்மா. படிச்சது போதும்னு அவங்க அண்ணன் துணிக்கடையில சேத்துவிடப் பாக்கறான். என்ன செய்யணும்னு நீங்க சொன்னா செய்றேன்."

மேடம் என்ன சொல்வார்? "இன்னொரு தடவ எழுதவைங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த மாதமே இன்னொரு சுற்றறிக்கை வந்தது. சீர்திருத்தத்தின் முதற்கட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றது, விரிவுரையாளர்கள் வழக்கமான பணிக்குத் திரும்பலாம். எங்கள் கல்லூரியின் போட்டோ ஒன்றை ஆண்டறிக்கையில் போட்டிருந்தார்கள். உளவியல் சார் சிரித்துக்கொண்டு ஒரு குழந்தைக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் படம். மேடம் முதல்வரிடம் போய், தன் சொந்த நேரத்தில் இரண்டாம் வகுப்புக்குப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். முதல்வர் கைவிரித்தார். உத்தரவு இல்லாமல் வகுப்பில் ஆளை விட முடியாது, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் யார் பொறுப்பு?

மறுதேர்வுக்கு மேடம் சைலன்ட்டைத் தயார்செய்தது என் நூலகத்தில்தான். தினமும் சாயங்காலம் வகுப்புகள் விட்டதும் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் தேர்வு வழிகாட்டி. மேடம் கேள்வி கேட்பார், அந்தப் பெண் ஐந்து படிநிலைகளையும் ஒப்பிப்பாள். வரிசை தவறினால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே பாவம் போல இருந்தது எனக்கு. நான் எழுந்து அலமாரிக்குப் பின்னால் போய்விடுவேன்.

ஒருநாள் அந்தப் பெண் பாதியில் நிறுத்தினாள். "மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அப்ப நம்ம பிள்ளைங்க சொன்னதெல்லாம் தப்பா மேடம்?"

"தப்பில்லம்மா."

"பின்ன ஏன் எழுதக் கூடாது?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். "உனக்கு வேல கிடைக்கட்டும். அப்புறம் உன் வகுப்பு, உன் பிள்ளைங்க. அங்க உன்ன யாரு கேக்கப் போறா? இப்ப இத மனப்பாடம் பண்ணிக்கோ. சொல்லு, மூணாவது படிநிலை என்ன?"

அவள் சொன்னாள்.

மறுதேர்வில் அவளுக்கு வந்த மதிப்பெண் எங்கள் கல்லூரியிலேயே அதிகம். நேராக மேடத்திடம் வந்து காலைப் பார்த்தபடி நின்றாள். மேடம் அவள் தோளைத் தட்டினார். அடுத்த வருஷ மாணவிகள் வந்தார்கள். மேடம் மறுபடி நோட்ஸ் சொல்ல ஆரம்பித்தார். தோற்றுப்போனவர்களில் சிலர் திரும்பப் படிக்க வரவே இல்லை. அந்தப் பெயர்களை அவர் மறக்கவில்லை, பேச்சுக்கு நடுவே திடீரென்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்.

அதிர்ஷ்டமோ என்னவோ, சைலன்ட்டுக்கு ஒரு வருஷத்துக்குள் அரசு வேலையே கிடைத்தது. மலைப்பக்கம், பேருந்து இறங்கி நடந்து போகும் ஊர். அவள் அப்பா இனிப்புப் பெட்டியோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டாகக் கொடுத்தார். மேடம் தன் மேசையில் இருந்த ஐஸ் குச்சிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, "இத அவகிட்டக் குடுத்துடுங்க" என்று அவர் கையில் திணித்தார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் மதியம், மேடம் நூலகத்தில் உட்கார்ந்து தேர்வு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். தேர்வுப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நானும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி மேசை மேல் வைத்தார்.

"எப்படிம்மா இருக்க? பிள்ளைங்க எப்படி?"

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அதற்கு மேலே அவள் குரல் வந்தது. அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"மேடம், இங்க அஞ்சு வகுப்பும் ஒரே ரூம்ல இருக்கு மேடம். ஹெட்மாஸ்டர் எப்பவும் மீட்டிங், கணக்கெடுப்புன்னு போயிடறாரு. நான் ஒருத்திதான். ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகிட்ட உக்காந்து என்னன்னு கேட்டா நாலாங்கிளாஸ் வெளிய ஓடிடுது. ஒண்ணாங்கிளாஸ் அழுவுது. ஒரு பிள்ளைகிட்டயும் முழுசாக் கேக்க முடியல மேடம்."

"சரிம்மா, பெரிய பிள்ளைங்கள விட்டுச் சின்னப் பிள்ளைங்களுக்கு…"

"பாத்துட்டேன் மேடம். பெருசுங்களுக்கே எழுத்து தெரியல." பின்னால் எதுவோ விழுந்து உடையும் சத்தம். அவள் யாரையோ பார்த்துக் கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "நேத்து ஒரு பையன அடிச்சுட்டேன் மேடம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. எல்லாத்தையும் போர்டுல எழுதிப்போட்டு, பாத்து எழுதுங்கடான்னு சொல்லிட்டா அமைதியா இருக்காங்க. அது ஒண்ணுதான் நடக்குது. அதச் செய்யட்டுமா மேடம்? வேற என்ன செய்யறது? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா செய்றேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? கல்லூரியில் இருந்த ஒரு புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவற்றுக்கு எண் ஒட்டியவன் நான்தான். மேடம் போனைக் கையில் எடுத்து, ஒலியைக் குறைத்து, காதோடு அழுத்திக்கொண்டார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.